பதினோரு விநாடி

பாம்பனில், ஐஸ் கம்பெனிக்கு எதிர்க்கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், மனு தட்டச்சு.
பக்கத்துக்கு இருபது ரூபாய்.
பிழை திருத்தக் காசில்லை.

"வயித்துல கங்கு கெடக்கு" என்பாள் ஒருத்தி.
மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன்
என்று அடிப்பேன்.
"அந்தக் கடலு வெளங்காமப் போக."
மேற்படி கடற்பகுதியில்.
ஒருவர் எதுவும் சொல்லாமல்
மேசை விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்
அரைமணி நேரம்.
அதற்கு நான் போட்டது:
ஆகவே, அய்யா அவர்கள்.

ஆறு வருடத்தில் என் விரல்களுக்குப் பழகியவை
முப்பது சொற்கள் இருக்கும்.
விசைப்படகு. எல்லை. தாண்டியதாக. கருணை கூர்ந்து.
வாழ்வாதாரம் என்று
இதுவரை ஒருவரும் என்னிடம் வாயால் சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை ரெனிட்டா வந்தாள்.
சின்னப்பாலம். பாசி எடுப்பவள்.
சேலைமேல் ஆண்சட்டை,
விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை.
அவள் நின்ற இடம் காய்ந்து உப்புப் பூத்தது.

தண்ணீருக்குள் பெண்கள் பேசிக்கொள்வதை
முன்பொருநாள் எனக்குக் காட்டியிருக்கிறாள்.
முஷ்டி மடக்கினால் பாறை.
இரண்டு விரல் ஆட்டினால் இழுவை.
தோளில் தட்டினால், மேலே போ, மூச்சு எடு.
"கோவத்துக்கு?" என்று கேட்டேன்.
"அதுக்குத்தான் கரை இருக்கே."

அன்று கைகள் எதையும் காட்டவில்லை.
கைப்பேசியை மேசையில் வைத்தாள்.
ஜெர்சிஸ் அனுப்பியது. ராத்திரி ரெண்டே முக்கால்.
அது டவர் கிடைத்த நேரம்,
பேசிய நேரம் எதுவோ.
பிடித்துக்கொண்டு போனதற்கு முன்னாலா, பின்னாலா,
தெரியாது.
"இத அடிங்க."

காற்று.
எஞ்சின்.
தொண்டையைச் செருமும் சத்தம்.
அவ்வளவுதான், பதினோரு விநாடி.

டீ கொண்டுவந்த ஹபீப் நின்று கேட்டான்,
முன்பு மெக்கானிக்.
"கேஸ்கட் போயிருக்கு. இரைச்சல் ஒடையுது பாருங்க."
ஐஸ் உடைக்கும் பவுலின் எட்டிப் பார்த்து,
"சோநீவாடு. பலகையில தண்ணி அறையிற தினுசு அது."
அவளுடைய நான்கு வயது மகள்
லேமினேஷன் மெஷினில் சூடு காய்ந்தபடி,
"அப்பா சிரிக்கப் போறாரு" என்றாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
திரும்பப் போட்டேன். திரும்பவும்.

"ஏதும் கேக்கணும்னா இப்பிடித்தான்" என்றாள் ரெனிட்டா.
"எங்க வீட்டுக்கு என்னையக் கேட்டு வந்தப்பவும்
இவரு செருமுனாரு.
எங்கம்மா காப்பி போட எந்திரிச்சிருச்சு.
அம்புட்டுத்தான் சம்மதம்.
பேச்சு அதுக்குப் பொறவு வரும்.
வராமலும் இருக்கும்."

ம் என்று அடித்தேன்.
"அது சரிங்கிறது."
ம்ம்.
"கத கேக்குறது."
ம்ஹும்.
"அய்யய்யோ, அது மாட்டேன்னுல்ல."
ஹுக்கும்.
முதல்முறையாகச் சிரித்தாள்.
"அது நான் அவருக்குச் சொல்றது."

இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும்
அந்தச் செருமலைச் சுற்றிச்சுற்றி வந்தன,
நங்கூரம் கிடைக்காத வள்ளம் போல.
கடைசியில் கீழே போய்
இணைப்பு: 1 என்று போட்டேன்.
"சத்தம்னு எழுதவா?"
"சத்தமில்ல. பேச்சு."

பேச்சு. பதினோரு விநாடி.
கலெக்டர் ஆபீஸில் இதை எந்தத் தாளோடு
குண்டூசி குத்துவார்கள் என்று
நான் யோசிக்கவில்லை.

கையெழுத்துப் போடத்தான் துணியை அவிழ்த்தாள்.
பாறை கிழித்த கோடுகள், வெளுத்த நுனிகள்.
ரெ னி ட் டா.
ஒவ்வொரு எழுத்துக்கும் மூச்சுப் பிடித்து
உள்ளே போய் வந்தாள்.

மகளைத் தூக்கிக்கொண்டு
வாசல்வரை போய் நின்றாள்.
திரும்பவில்லை.
தொண்டையைச் செருமினாள்.

"நாளைக்குத் தாங்க" என்றேன்.